மணி அடித்தால் மறுமணி வேண்டும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், படிப்பகக் குழுவினர் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

     

ஆண்டு விழா மேடை என்றால் அங்கே குறள் முழங்கும், சிலம்பு ஒலிக்கும். அத்தகைய மேடையில் கணினியைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோமே, இஃது அடுக்குமா என்று எம் உள்ளமே எம்மைக் கேட்டது. ஆயினும், “நம் பிள்ளைகள் இரவும் பகலும் எதனோடு மல்லாடுகின்றார்களோ, அதனை எங்களுக்கும் விளங்கும் தமிழில் சொல்லுங்கள்” என்று சங்கத்துப் பெரியோர் பணித்தனர். பெரியோர் பணித்ததைத் தட்டுதல் எம்மால் இயலாது. குற்றம் உளதாயின் பொறுத்தருள வேண்டுகின்றோம்.

பொழுது புலருமுன் கோரமண்டல் நிலையத்தில் வண்டிக்காகக் காத்து நிற்கும் கூட்டத்தை நீங்கள் அறிவீர்கள். மாரிக்குப்பத்தில் புறப்பட்டுப் பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் செல்லும் வண்டியை நம்பியே இன்று நம் காலனியில் பல வீடுகளில் உலை வைக்கப்படுகின்றது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று முதல் நம் மக்கள் கூண்டில் இறங்குவதை விட்டு வண்டியில் ஏறலாயினர். கட்டட வேலைக்குச் செல்வோர் உண்டு; கடைகளிலும் காவல் பணியிலும் இருப்போர் உண்டு; கணினி நிறுவனங்களில் நிரல் எழுதுவோரும் உண்டு. நிரல் எழுதுவோருள் சிலர் இப்போது வீட்டிலிருந்தே வேலை செய்கின்றனர். “கனெக்‌ஷன் போய்விட்டது” என்று அவர்கள் தலையில் கை வைத்து உட்காரும்போது, எது போயிற்று, எங்கே போயிற்று என்று அறியாமல் பெற்றோர் திகைக்கின்றனர். அந்தக் ‘கனெக்‌ஷன்’ எவ்வாறு பிறக்கின்றது, எவ்வாறு உயிரோடு இருக்கின்றது, எவ்வாறு சொல்லாமல் மாண்டுபோகின்றது என்பதே எம் பேச்சின் பொருள். அதன் பெயர் வெப்சாக்கெட்.

சாப்ட் வாயிலில் கேட்ட மணி

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்வதே கற்பிக்கும் முறை. ஆகவே நம் முன்னோர்க்கு நன்கு தெரிந்த சுரங்க மணியிலிருந்து தொடங்குவோம்.

இங்குள்ள இளையோரில் பலர் கூண்டைக் கண்ணால் கண்டதுமில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழம் உடையது. கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் எஞ்சின் ஓட்டுநர் தனிக் கட்டடத்தில் அமர்ந்திருப்பார். ஆழத்தில் கூண்டருகே யார் நிற்கின்றார், யார் ஒரு காலை உள்ளே வைத்து மறு காலை வெளியே வைத்திருக்கின்றார் என்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. அவர் நம்புவதெல்லாம் மணியோசை ஒன்றையே.

எத்தனை அடிக்கு என்ன பொருள் என்பது முன்னரே முடிவு செய்யப்பட்டிருக்கும். அது பலகையில் எழுதப்பட்டுச் சாப்ட் வாயிலிலும், கீழ்த் தளங்களிலும், எஞ்சின் அறையிலும் மாட்டப்பட்டிருக்கும். கல் ஏற்றுவதற்கு ஒரு மணி. ஆள் ஏறுவதற்கு வேறு மணி. ஆள் ஏறப் போவதாக மணி அடித்தவுடன் கூண்டில் ஏறிவிடுதல் கூடாது. மேலிருந்து மறுமணி வர வேண்டும். ‘நீ கேட்டதை யான் அறிந்தேன், ஏறலாம்’ என்பது அதன் பொருள். மறுமணி வாராவிடின் எவரும் கூண்டில் கால் வைக்கமாட்டார்.

இதில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. இரு திறத்தாரும் முன்னரே உடன்பட்ட குறி இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. கேட்டதற்கு மறுமொழி வருதல் வேண்டும் என்பது மற்றொன்று. மறுமொழி வாராவிடில் அசையாதிருத்தல் வேண்டும் என்பது மூன்றாவது. இம்மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெப்சாக்கெட் என்பதில் பாதியை இப்போதே நீங்கள் கற்றுவிட்டீர்கள்.

அஞ்சலகத்துக்கு நடந்த கதை

இணையத்தின் பழைய முறை எவ்வாறு இருந்தது? கேட்கும் நிரலைக் ‘கிளையண்ட்’ என்பர். விடையளிக்கும் நிரலைச் ‘செர்வர்’ என்பர். கிளையண்ட் ஒரு கேள்வி கேட்கும். செர்வர் ஒரு விடை தரும். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. இதற்கு எச்.டி.டி.பி. என்று பெயர். ஒரு பக்கத்தைப் படிக்க இஃது ஏற்ற முறையே. ஆனால் செர்வருக்குத் திடீரென ஒரு செய்தி கிடைத்தால், அதுவே வலியச் சென்று கிளையண்டிடம் கூற இம்முறையில் வழியில்லை. கேட்டால்தான் சொல்லும்.

வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் இங்கு வந்து குடியேறிய நம் பாட்டன்மார், ஊரிலிருந்து கடிதம் வந்ததா என்று கேட்க நாள்தோறும் அஞ்சலகத்துக்கு நடந்திருப்பர். “இல்லை” என்ற விடைக்காகவே பல நாள் நடை வீணாகியிருக்கும். கணினி நிரல்களும் அவ்வாறே சில வினாடிக்கு ஒரு முறை “புதிது உண்டா? புதிது உண்டா?” என்று கேட்டு அலைந்தன. கேள்வியும் வீண், விடையும் வீண், வழியெல்லாம் நெரிசல்.

இவ்வலைச்சலைத் தீர்க்க வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டில் இயன் ஹிக்சன், மைக்கேல் கார்ட்டர் முதலியோர் கலந்து பேசிய காலத்தில் எழுந்ததே வெப்சாக்கெட் என்னும் பெயர். 2009-ஆம் ஆண்டின் இறுதியில் குரோம் உலாவியில் அது முதன்முதலாக இடம் பெற்றது. பல திருத்தங்களுக்குப் பின்னர், 2011 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 6455 என்ற எண்ணோடு அதன் விதிநூல் வெளிவந்தது. ஒரு முறை வழியைத் திறந்துவிட்டால், இரு பக்கமும் எப்போது வேண்டுமாயினும் பேசலாம். ஒருவர் மற்றவரின் கேள்விக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. இதுவே அதன் பெருமை.

வழி திறக்கும் முறை

இனி, ஒரு கிளையண்ட் நிரல் அவ்வழியைத் திறக்கும் விதத்தைப் படிப்படியாகக் காண்போம்.

சாம்பியன் ரீஃபில் ஒரே கூண்டில் அடித்தளம் வரை செல்ல இயலாது. ஒரு சாப்டில் ஓர் அளவு இறங்கி, அங்கிருந்து நடந்து, மற்றொரு சாப்டில் ஏறி மேலும் இறங்க வேண்டும். அது போலவே இதிலும் பல நிலைகள் உண்டு. முதலில், செர்வரின் பெயரைக் கொண்டு அதன் எண் முகவரியை நிரல் கேட்டறிகின்றது. அடுத்து, டி.சி.பி. என்னும் அடிப்படை இணைப்பு அமைகின்றது. முகவரி ‘டபிள்யூ.எஸ்.’ என்று தொடங்கினால் வழக்கமாக 80-ஆம் வாயில், ‘டபிள்யூ.எஸ்.எஸ்.’ என்று தொடங்கினால் 443-ஆம் வாயில். பின்னதில் டி.எல்.எஸ். என்னும் மறைகுறிக் காப்பும் சேரும்; செர்வர் தன் சான்றிதழைக் காட்டித் தான் இன்னார் என்று மெய்ப்பிக்க வேண்டும். பிறர் செய்தி நம் கையில் இருக்குமாயின் ‘டபிள்யூ.எஸ்.எஸ்.’ வழியையே கொள்ளுதல் வேண்டும். சான்றிதழ் சரியில்லை என்று நிரல் கூறும்போது, சரிபார்ப்பையே நிறுத்திவிட்டு மேலே செல்லும் தீய பழக்கம் சிலரிடம் உண்டு. அஃது இற்றுப்போன கயிற்றுக்குச் சாயம் பூசுவதை ஒக்கும்.

இத்தனையும் முடிந்த பின்னரே வெப்சாக்கெட்டின் சொந்த மணி அடிக்கப்படுகின்றது. வியப்பு என்னவெனில், அந்த மணியும் பழைய எச்.டி.டி.பி. மொழியிலேயே அமைந்திருக்கின்றது. சாதாரண ‘கெட்’ வேண்டுகோள் ஒன்றைக் கிளையண்ட் அனுப்புகின்றது. அதில் ‘அப்கிரேட்: வெப்சாக்கெட்’ என்று ஒரு வரி, ‘கனெக்‌ஷன்: அப்கிரேட்’ என்று ஒரு வரி, விதியின் பதிப்பு 13 என்று ஒரு வரி. இவற்றோடு ‘செக்-வெப்சாக்கெட்-கீ’ என்னும் வரியில் ஒரு சாவிச்சொல் செல்லும். அச்சொல் ஒவ்வொரு முறையும் புதிதாக, குருட்டாம்போக்கில் எடுக்கப்பட்ட 16 பைட்டுகள். பேஸ்-64 முறையில் எழுதினால் 24 எழுத்துகள்.

செர்வர் என்ன செய்கின்றது? அந்த 24 எழுத்துகளோடு, விதிநூலில் அச்சிட்டுள்ள 36 எழுத்துகள் கொண்ட நிலையான ஒரு தொடரை ஒட்டுகின்றது. ஒட்டியதை எஸ்.எச்.ஏ.-1 என்னும் கணக்கில் அரைத்து, வரும் 20 பைட்டுகளை மீண்டும் பேஸ்-64 முறையில் 28 எழுத்துகளாக்கித் திருப்பி அனுப்புகின்றது. அவ்விடையின் தலையில் 101 என்ற எண் நிற்கும். ‘மொழியை மாற்றிக்கொள்கின்றேன்’ என்பது அதன் பொருள்.

இப்போது கிளையண்டின் கடமை வருகின்றது. இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். விடை வந்ததே போதும் என்று அது மகிழ்ந்துவிடலாகாது. எண் 101 தானா என்று பார்க்க வேண்டும். ‘அப்கிரேட்’, ‘கனெக்‌ஷன்’ என்னும் இரு வரிகளும் உரியவாறு உள்ளனவா என்று பார்க்க வேண்டும். தான் அனுப்பிய சாவிச்சொல்லுக்குத் தானே கணக்குப் போட்டு, வந்த 28 எழுத்துகளோடு ஒப்பிட வேண்டும். ஒன்று தவறினாலும் வழியை மூடிவிட வேண்டும் என்பது விதி. மறுமணி பிழையாக ஒலித்தால் கூண்டில் ஏறலாகாது என்னும் நம் சுரங்கச் சட்டமே இது.

இந்தச் சாவிச்சொல் பூட்டுச் சாவி அன்று என்பதை இங்கே வற்புறுத்திச் சொல்ல விரும்புகின்றோம். அந்த 36 எழுத்துகளும் உலகறிய அச்சிடப்பட்டவை. அவற்றில் இரகசியம் ஏதுமில்லை. எதிர்ப்பக்கத்தில் இருப்பது வெப்சாக்கெட் அறிந்த செர்வர்தான், வேறு எதற்கோ வந்த பழைய விடை அன்று என்பதை மட்டுமே அது காட்டும். இன்னார் உள்ளே வரலாம், இன்னார் வரலாகாது என்பதை முடிவு செய்ய வேறு ஏற்பாடு வேண்டும்.

வழி திறந்த பின், கிளையண்ட் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் நான்கு பைட்டு முகமூடி ஒன்றால் மறைத்தே செல்ல வேண்டும். செர்வர் அனுப்புவதற்கு முகமூடி கூடாது. ஏன் இந்த வேற்றுமை? 2010-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் ஒரு குறையைக் கண்டனர். இடையில் நிற்கும் சில செர்வர்கள் வெப்சாக்கெட் பேச்சை அறியாமல், அதனைப் பழைய எச்.டி.டி.பி. என்றே மயங்கி, தீயவர் எழுதிய பொய் விடைகளைத் தம் நினைவில் சேர்த்து வைக்கக் கூடும் என்பதே அக்குறை. ஃபயர்ஃபாக்ஸ், ஓப்பரா ஆகிய உலாவிகள் அப்போது வெப்சாக்கெட்டை நிறுத்தியே வைத்தன. முகமூடி வந்த பின்னரே அச்சம் தீர்ந்தது. சட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஏதோ ஒரு விபத்து நிற்கின்றது என்று சுரங்கத்துப் பெரியோர் கூறுவர். கணினிச் சட்டமும் அப்படியே.

நாற்பது நிமிடம் ஏமாந்த இரவு

இதுகாறும் கூறியது நூலில் உள்ளது. இனிக் கூறப்போவது யாமே பட்டறிந்தது. வெட்கத்தோடுதான் கூறுகின்றோம்.

எம் குழுவினர் ஞாயிறுதோறும் படிப்பகத்தில் கூடிக் கணினி கற்கின்றோம். கற்றது காலனிக்குப் பயன்பட வேண்டும் என்ற ஆவலால் ஒரு சிறு நிரல் செய்தோம். குருதி கொடுக்க முன்வந்தோர் வாழும் பன்னிரண்டு வீடுகளில், கணினியில் எம் கிளையண்ட் நிரல் ஓடிக்கொண்டிருக்கும். அவை யாவும் ஒரே செர்வரோடு வெப்சாக்கெட் வழியைத் திறந்து வைத்திருக்கும். எவருக்கேனும் குருதி தேவை என்று செய்தி வந்தால், செர்வர் உடனே பன்னிரண்டு வீடுகளுக்கும் அறிவிக்கும். கணினி மணி ஒலிக்கும். இதுவே திட்டம்.

தொடக்கத்தில் சிறு இடர்கள் வந்தன. வழி முழுதும் திறக்குமுன்னே எம் நிரல் பேசத் தொடங்கியது; முதற் செய்தி பிழையாகித் திரும்பியது. ‘திறந்தது’ என்னும் அறிவிப்பு வந்த பின்னரே பேச வேண்டும் என்று கற்றோம். பின்னொரு நாள், 101-க்கு மாறாக 400 என்ற மறுப்பு வந்தது. செர்வருக்கு முன்னால் நிறுத்தியிருந்த இடைநிலைச் செர்வர், ‘அப்கிரேட்’ என்னும் வரியைத் தானாகக் கடத்தாது. கடத்துமாறு நாமே எழுதி வைக்க வேண்டும் என்பதை அறிந்தோம். எல்லாம் சரியான பின், சங்க மண்டபத்தில் சோதித்துப் பார்த்தோம். பன்னிரண்டும் ஒலித்தன. கைதட்டினோம். பெருமிதம் கொண்டோம்.

சில வாரம் சென்றது. ஓர் இரவு, மகப்பேற்றுக்குச் சேர்க்கப்பட்டிருந்த ஒரு தாய்க்கு ‘ஓ நெகட்டிவ்’ குருதி உடனே வேண்டும் என்று செய்தி வந்தது. அறிவிப்பை அனுப்பினோம். “12 வீடுகளுக்கும் அனுப்பப்பட்டது” என்று திரையில் எழுத்து விழுந்தது. யாரேனும் அழைப்பார்கள் என்று காத்திருந்தோம். பத்து நிமிடம் ஆயிற்று, இருபது ஆயிற்று, நாற்பது ஆயிற்று. ஒருவரும் அழைக்கவில்லை. அதற்குள் அந்தத் தாயின் மாமனார், எம் திரையை நம்பாமல், லைன் லைனாக ஓடிக் கதவைத் தட்டினார். நள்ளிரவுக்குள் இருவர் கிடைத்தனர். தாயும் சேயும் பிழைத்தனர். பிழைக்கச் செய்தது அந்தப் பெரியவரின் கால்களே அன்றி எம் நிரல் அன்று.

குருதி தருவோர் எவரும் மனமின்றி இருந்தவர் அல்லர். அவர்கள் வீட்டுக் கணினி ஒன்றுகூட ஒலிக்கவேயில்லை.

மறுநாள் படிப்பகத்தில் தலைகுனிந்து அமர்ந்திருந்தோம். சுரங்கத்தில் பல ஆண்டுகள் மணியருகே நின்று ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் நாளிதழ் படிக்க வந்தவர், நடந்ததைக் கேட்டார். அவருக்குக் கணினி தெரியாது. அவர் கேட்டது இதுதான்:

“பிள்ளைகளா, நீங்கள் மணி அடித்தீர்கள், சரி. மறுமணி கேட்டதா?”

“கேட்கவில்லை, ஐயா.”

“பின்னே எதை நம்பி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தீர்கள்?”

எம்மிடம் விடையில்லை.

சொல்லாமல் மாண்ட இணைப்பு

நடந்தது என்னவென்று பின்னர் ஆராய்ந்தோம். வீட்டுக்கும் செர்வருக்கும் இடையே பல கருவிகள் நிற்கின்றன. எந்த வீட்டுக்கு எந்தப் பேச்சு உரியது என்று அவை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்கின்றன. நெடுநேரம் ஒரு வழியில் பேச்சே நிகழவில்லையெனில், அவ்வரியை அடித்துவிடுகின்றன. அடித்ததை எவருக்கும் சொல்வதில்லை. வீட்டிலுள்ள நிரல் வழி திறந்திருப்பதாகவே எண்ணும். செர்வரும் அவ்வாறே எண்ணும். நடுவில் வழி இல்லை. மண்டபத்துச் சோதனையில் இது தெரியாமற் போனதன் காரணமும் விளங்கியது. அன்று வழியைத் திறந்தவுடன் பேசினோம். நெடுநேர மௌனத்தைச் சோதிக்கவில்லை.

அங்ஙனமாயின் ‘அனுப்பப்பட்டது’ என்று திரை கூறியது பொய்யா? பொய் அன்று. செய்தியைத் தன் கணினியின் வெளியேறும் பெட்டியில் போட்டாயிற்று என்பதே அதன் பொருள். அஞ்சற்பெட்டியில் போட்ட கடிதம், கையில் சேர்ந்த கடிதம் ஆகிவிடாது. ‘அனுப்பினேன்’ என்பதற்கும் ‘பெற்றேன்’ என்பதற்கும் உள்ள தொலைவை யாம் உணராமற் போனதே பிழை.

இதற்கு மருந்து விதிநூலிலேயே இருந்தது என்பதுதான் எம் வெட்கத்தை மிகுவித்தது. ‘பிங்’ என்று ஒரு சிறு குறியை ஒரு பக்கம் அனுப்பும். அதே சரக்கைத் திருப்பி ‘பாங்’ என்று மறுபக்கம் விடையிறுக்க வேண்டும். அச்சரக்கு 125 பைட்டுக்கு மேற்படாது. யாம் பயன்படுத்திய பைத்தான் மொழி நூலகம் இயல்பாகவே 20 வினாடிக்கு ஒரு முறை பிங் அனுப்பும்; அடுத்த 20 வினாடிக்குள் பாங் வாராவிடில் இணைப்பு மாண்டது என்று முடிவு செய்யும். ஒன்றும் பேசாத வேளையில் இஃது எதற்கு, வீண் செலவு என்று கருதி யாமே அதனை நிறுத்தி வைத்திருந்தோம்! பேசாத வேளைக்காகவே ஏற்பட்டது அது என்பதை அறியோம்.

இப்போது பிங் மீண்டும் ஓடுகின்றது. அதனால் இரண்டு நன்மை. இடையில் நிற்கும் கருவிகள் வழியை மறப்பதில்லை; மறந்தாலும் ஒரு நிமிடத்துக்குள் நமக்குத் தெரிந்துவிடுகின்றது. என்ஜின்எக்ஸ் போன்ற இடைநிலைச் செர்வர்கள், பின்னாலுள்ள செர்வரிடமிருந்து 60 வினாடி ஒன்றும் வாராவிடில் வழியை மூடிவிடுவது வழக்கம். அதற்கும் இதுவே தீர்வு. உலாவிக்குள் ஓடும் நிரல் எழுதுவோர் ஒன்றை நினைவிற் கொள்க: அங்கே பிங் அனுப்பும் உரிமை நிரலுக்கு இல்லை. செர்வர் அனுப்ப வேண்டும். அல்லது நிரல் தானே ஒரு சிறு செய்தியை அனுப்பி விடை பெற வேண்டும்.

பாங் வந்தால் போதுமா? போதாது. கணினி விழித்திருக்கின்றது என்பதையே பாங் காட்டும். வீட்டில் மனிதர் செய்தியைக் கண்டார் என்பதைக் காட்டாது. ஆகவே, செய்தியைப் படித்தவர் ‘பெற்றேன்’ என்று ஒரு பொத்தானை அழுத்துமாறு செய்தோம். அதுவே உண்மையான மறுமணி. இரண்டு நிமிடத்துக்குள் போதிய மறுமணி வாராவிடில், எம் திரை சிவந்து, “ஆளை அனுப்புக” என்று எழுதும். உடனே எம்மில் ஒருவர் கிளம்பி நடக்க வேண்டும். பொறியை மட்டும் நம்பி அமர்ந்திருக்கும் வழக்கத்தை விட்டொழித்தோம்.

மீண்டும் திறக்கும் பொறுமை

இன்னும் ஒரு பாடம் உண்டு. காலனியில் மின்சாரம் நின்று மீண்டும் வந்தால், பன்னிரண்டு நிரல்களும் ஒரே கணத்தில் செர்வரின் கதவை முட்டும். பன்னிரண்டு பேரானால் தாங்கும். பன்னிரண்டாயிரம் பேரானால் செர்வர் விழும். விழுந்து எழுந்தால் மீண்டும் அனைவரும் முட்டுவர். சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்ததும் அனைவரும் ஒரே கூண்டில் நெருக்கி ஏற முனைந்தால் என்னவாகும்? வரிசை வேண்டும் அன்றோ?

விதிநூல் அதற்கும் வழி கூறுகின்றது. முதன்முறை மீண்டும் திறக்க முயலுமுன், ஒவ்வொரு கிளையண்டும் ஏதேனும் ஒரு சிறு காலம், 0 முதல் 5 வினாடிக்குள் குருட்டாம்போக்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு, காத்திருக்கலாம். அம்முயற்சி தோற்றால், அடுத்தடுத்த முறை காத்திருக்கும் காலத்தை இரட்டித்துக்கொண்டே செல்ல வேண்டும். அதற்கும் ஓர் உச்ச வரம்பு வைக்க வேண்டும். எம் நிரல் இப்போது இவ்வாறே செய்கின்றது.

விடைபெறும் முறையும் உண்டு. வேலை முடிந்தால் ‘குளோஸ்’ என்னும் குறியை 1000 என்ற எண்ணோடு அனுப்ப வேண்டும். எதிர்ப்பக்கமும் அவ்வாறே விடையிறுக்க வேண்டும். பிறகே கதவை மூட வேண்டும். சொல்லாமல் முறிந்த இணைப்புக்கு நிரல் தனக்குள் 1006 என்று குறித்துக்கொள்ளும். அவ்வெண் வழியில் ஒருபோதும் செல்வதில்லை. இறந்தவர் தம் இறப்பைத் தாமே அறிவிக்க இயலாது அன்றோ?

நமக்கு அந்நியம் அன்று

அவையோர்களே! இதனை இவ்வளவு விரித்துக் கூறியதன் நோக்கம் ஒன்று உண்டு. எம் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும் மாணவியர் சிலர், “இவையெல்லாம் எங்கோ பிறந்த வித்தைகள், லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு எட்டுமா?” என்று கேட்கின்றனர். அவர்களுக்கு யாம் கூறும் விடை இதுவே: எட்டும், ஏனெனில் இதன் உயிர்நிலை உங்கள் வீட்டிலேயே இருந்தது.

இம்மண் அறிவியலுக்குப் புதிதன்று. 1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்து அருவியின் மின்சாரம் நெடுந்தொலைவு கம்பியில் வந்து நம் சுரங்கங்களை இயக்கியது. 1965-ஆம் ஆண்டில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும், ஒசாக்கா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கருவிகளை வைத்துக் காத்திருந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடத்தைக் கண்டனர். அந்த அறிஞர்களைக் கூண்டில் பத்திரமாக இறக்கி ஏற்றியவை நம்மவர் அடித்த மணிகளே.

அம்மணியை அறிந்த முதியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். நாளுக்கு நாள் அவர்கள் எண்ணிக்கை குறைந்து வருகின்றது. அவர்கள் அறிவு சயனைடு மேட்டு மணலைப் போலக் காற்றில் கரைந்துபோகலாகாது. ஆகவே அவர்களை இரு கை கூப்பி வேண்டுகின்றோம்: ஞாயிற்றுக்கிழமைகளில் படிப்பகத்துக்கு வாருங்கள். எம் நிரலைப் பார்த்து, “இங்கே மறுமணி எங்கே?” என்று கேளுங்கள். கணினி மொழி உங்களுக்குத் தெரிய வேண்டுவதில்லை. கேள்வியே போதும்.

இளைஞர்களை வேண்டிக்கொள்வதும் ஒன்று உண்டு. பெங்களூரில் நீங்கள் எழுதும் நிரலின் மறுமுனையில், நீங்கள் காணாத ஒரு மனிதர் இருக்கின்றார். கூண்டருகே நின்றவரை எஞ்சின் ஓட்டுநர் காணாதது போலவே நீங்களும் அவரைக் காண்பதில்லை. ‘அனுப்பினேன்’ என்பதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. அவர் பெற்றாரா என்று கேளுங்கள். அந்தத் தாய்க்காக லைன் லைனாக ஓடிய பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு, தொடர்பு அறாதிருப்பதே வாழ்வு. வெளியூரில் இருக்கும் பிள்ளை பேசவில்லை என்றால், நன்றாகத்தான் இருப்பான் என்று எண்ணி வாளா இருந்துவிடாதீர்கள். சொல்வதற்குச் செய்தி ஒன்றுமில்லாத நாளிலும் “இருக்கின்றாயா?” என்று ஒரு சொல் கேளுங்கள். “இருக்கின்றேன், அம்மா” என்ற மறுமணி வரட்டும்.

குருதி கொடுக்க விரும்புவோர், விழா முடிந்ததும் படிப்பக மேசையில் தம் பெயரைப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கின்றோம். பன்னிரண்டு வீடுகள் நூறு வீடுகள் ஆகட்டும்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.